கணுக்கால் தண்ணீர்

கார்த்திகை மாதத்தில் அபிராமம் வட்டாரத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் ஏறி நின்றால், பறவைகள் தண்ணீர் முழுக்கக் கண்டபடி சிதறிக் கிடப்பதாகத்தான் முதலில் தோன்றும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். கரைக்குப் பக்கத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும். அதைத் தாண்டி வாத்துகள். இன்னும் தள்ளி நாரையும் அரிவாள் மூக்கனும். கடைசியில், சேறும் தண்ணீரும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும் தூரத்து விளிம்பில், கண்ணுக்கு வெறும் பொட்டுகளாக உள்ளான்கள். யாரோ கோடு போட்டுப் பிரித்துவிட்ட மாதிரி அவரவர் வரிசையில் மேய்கிறார்கள். அந்தக் கோட்டைப் போடுவது தண்ணீரின் ஆழம்.

அபிராமம் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. வைகையே பல ஆண்டுகளில் கடலைப் பார்ப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் முடிந்துவிடும். ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. இந்த இரண்டு மாத மழையை அடுத்த நான்கைந்து மாதங்களுக்குப் பிடித்து வைக்க, சரிந்து கிடக்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள் முன்னோர். தோண்டிய பள்ளம் இல்லை இது. கரையும் மடையும் இருக்கும் பக்கம் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். எதிர்ப்பக்கம், உள்வாய் என்று சொல்கிறோமே, அங்கே போகப்போக முழங்கால், கணுக்கால், பாதம், ஈரமண் என்று குறைந்துகொண்டே போகும். சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் எப்படி நிற்குமோ அப்படி.

பறவைகளுக்கு இந்தச் சாய்வுதான் எல்லாம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஐந்நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். வெயிலிலும் மண் குடிப்பதிலும் பாசனத்திலும் வாரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கினால், உள்வாய்ப் பக்கம் முப்பது மீட்டர் அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். அடுத்த வாரம் இன்னொரு முப்பது. மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் ஊறிய மண். புழுவும் பூச்சி முட்டையும் நத்தைக் குஞ்சும் அதில் நிரம்பிக் கிடக்கும். வாரா வாரம் ஒரு பட்டை புதிதாகப் பரிமாறப்படுகிறது. பறவைகளின் வரிசையும் கூடவே கரையை நோக்கி நகர்ந்து வருகிறது. கார்த்திகையில் ஒருமுறையும் தை பிறந்த பிறகு ஒருமுறையும் ஒரே கண்மாய்க்குப் போகிறவர்கள் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பார்த்த உணர்வோடு திரும்புவது இதனால்தான்.

வறண்ட விளிம்பிலிருந்து தொடங்குவோம். ஈரம் உலர்ந்து வெடிப்பு விடத் தொடங்கும் மண்ணில் பட்டாணி உப்புக்கொத்திகள் ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். உடம்புக்குப் பெரிய கண். பார்வையை நம்பி இரை தேடும் இனம். அதற்கு ஓரடி தள்ளி, நொதநொதவென்ற சேற்றில் கொசு உள்ளான். இருபத்தைந்து கிராம் எடை தேறினால் அதிகம். ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து நிற்கிறது. இதன் அலகு தையல் இயந்திரத்து ஊசியைவிட நிதானமில்லாமல் மண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும்.

உள்ளான் குடும்பத்தின் அலகு நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால், எலும்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் எனப்படும், அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். நெதர்லாந்தைச் சேர்ந்த தியூனிஸ் பியர்ஸ்மாவும் உடன் பணியாற்றியவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். நாட் என்ற உள்ளான் வகையை வைத்து அவர்கள் சோதித்தார்கள். ஈர மணலில் அலகைச் செருகும்போது மணல் துகள்களுக்கிடையே இருக்கும் நீரில் அழுத்த அலை எழுகிறது. பக்கத்தில் கெட்டியான பொருள் ஏதாவது புதைந்திருந்தால் அந்த அலை மாறுகிறது. அலகு அந்த மாற்றத்தை உணர்கிறது. தொடாமலே சிப்பி இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. இதற்கு ஒரே நிபந்தனை, மண் ஈரமாக இருக்க வேண்டும். எல்லா உள்ளானுக்கும் இதே அளவு திறமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சேறு காய்ந்ததும் அவை ஏன் இடத்தைக் காலி செய்கின்றன என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

அடுத்தது முழங்கால் ஆழம். இங்கேதான் மஞ்சள் மூக்கு நாரை. அபிராமம், முதுகுளத்தூர் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். மூன்றடி உயரம், ஆரஞ்சு நிறத்தில் இறகில்லாத முகம், முதுகின் பின்பக்கம் இளஞ்சிவப்பு இறகுகள். அழகைப் பார்த்து முடித்த பிறகு அது சாப்பிடுவதைப் பாருங்கள். அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். காலால் அடிச்சேற்றைக் கலக்கும். ஒரு பக்கச் சிறகை அவ்வப்போது விரித்து மூடும். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தாலும் கவலை இல்லை, பார்வைக்கு அங்கே வேலையே கிடையாது. திறந்த அலகுக்கிடையில் மீன் உரசியதும் அலகு மூடிக்கொள்ளும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மர நாரையை வைத்து எம். பிலிப் கால் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவரும் இந்த வேகத்தை அளந்து 1963-ல் வெளியிட்டார்கள்: ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. முதுகெலும்புள்ள விலங்குகளிடம் அறியப்பட்ட அனிச்சைச் செயல்களில் மிக விரைவானவற்றில் ஒன்று.

தொட்டுணர்ந்து மீன் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மீன் அடர்த்தியாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். பரந்த ஆழமான நீரில் அலகை வீசிக்கொண்டு நடந்தால் நாள் முழுக்க ஒன்றும் உரசாது. கண்மாய் நிறைந்து, மீன் குஞ்சு பெருகி, பிறகு தண்ணீர் இறங்க இறங்க அந்தக் குஞ்சுகள் சிறிய பரப்பில் நெருங்கும் நாள்கள்தான் நாரைக்கு விருந்து. அதன் பிள்ளைப்பேறு முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நத்தைகுத்தி நாரையின் கதை வேறு. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளர உண்டாவது. நத்தையை அந்த இடுக்கில் வைத்துப் பாக்குவெட்டியில் நசுக்குவதுபோல் நசுக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1960-ல் ஜூலியன் ஹக்ஸ்லியும் இந்த அலகைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். களத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை வெளியானது. ஓட்டை உடைப்பதே இல்லை. கீழ் அலகின் கூரிய, சற்று வளைந்த நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, ஓட்டோடு உடலைப் பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. பிறகு சதையை அப்படியே உருவி எடுக்கிறது. பெரும்பாலும் தண்ணீருக்கடியிலேயே இந்த அறுவை நடந்து முடிந்துவிடுவதால் கரையிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. இந்த நாரை மேய்ந்த இடத்தில் போய்ப் பாருங்கள்: நத்தை ஓடுகள் கீறலின்றி முழுசாகக் கிடக்கும்.

ஆழமான பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் வெளியே காட்டி எட்டும் தூரம் வரை மேயும். நீர்க்காகம் முழுதாக மூழ்கும். அதன் வெளி இறகுகள் நனையும் தன்மை கொண்டவை, அதனால் மூழ்குவது எளிது. வெளியே வந்ததும் சிறகை விரித்துக் காயவைக்க வேண்டியிருக்கிறது. கூழைக்கடாக்கள் சில சமயம் அரைவட்டமாகச் சேர்ந்து மீனை ஆழமில்லாத பக்கம் ஓட்டி வரும். ஆழத்தில் மேய்கிறவை கூட அவசரத்துக்கு ஆழமில்லாத பக்கத்தைத்தான் நம்புகின்றன.

போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். இந்த மாவட்டத்தில் நிலம் கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்குப் பக்கம், உள்வாய் மேற்குப் பக்கம். காலையில் கரை மேல் நின்றால் வெயில் முதுகுப்புறம் இருக்கும். பறவைகளின் நிறம் துல்லியமாகத் தெரியும். ஆனால் உள்ளான்கள் தூரத்தில் இருக்கும். சாயங்காலம் சுற்றிக்கொண்டு உள்வாய்ப் பக்கம் போனால் அவை பக்கத்திலேயே, அப்போதும் வெயில் முதுகில். நடுப்பகலில் பைனாகுலரை எடுக்காமல் அண்ணாந்து பார்ப்பது நல்லது. தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பும் அந்த நேரத்தில்தான் நாரைகளும் கூழைக்கடாக்களும் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறி, அடுத்த கண்மாயை நோக்கிச் சறுக்கிப் போகும்.

எந்தக் கண்மாய்க்குப் போவது என்று பறவைச் செயலிகளைப் பார்ப்பதைவிட உள்ளூரில் கேட்பது மேல். கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "என்னண்ணே, இந்த வருசம் நாரை இறங்கிருச்சா?" என்று கேட்டதற்கு, "கலுங்கு தொட்டுச்சுல்ல தம்பி, இனி வராம எங்க போகும்?" என்றார். கண்மாய் நிறைந்து, மிஞ்சிய நீர் வழியும் கலுங்கைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று பொருள். ஒரு பருவத்துக்கான முன்னறிவிப்பு அந்த ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அதே மனிதர் மாசியில் எந்தப் பக்கம் சேறு கட்டும் என்பதையும் சொல்லுவார்.

அபிராமத்திலிருந்து கமுதி வழியாக முதுகுளத்தூர் பக்கம் இறங்கினால் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். இரண்டும் 1989-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இவை சேர்ந்த செய்தி 2022-ல் வெளிவந்தது. கடலாடி வட்டத்தில் மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர், 593 ஹெக்டேர், 1998-ல் அறிவிக்கப்பட்டது. ராமநாதபுரத்தை ஒட்டிச் சக்கரக்கோட்டை, அந்தப் பக்கம் தேர்த்தங்கல். இவை இரண்டும் 2025 தொடக்கத்தில் ராம்சர் தகுதி பெற்றன. சித்திரங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. ஊர்க்காரருக்கு அது பாசனக் கண்மாய். இரண்டும் உண்மைதான்.

சரணாலயமாக இந்தக் கண்மாய்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். நாட்டுக் கருவேல மரம் மாதக்கணக்கில் காலடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகமெங்கும் கண்மாய் உள்வாய்களில் இந்த மரத்தை நட்டார்கள்; விறகுக்கும் பஞ்சாயத்து வருமானத்துக்கும் என்று நட்டது நாரைக்குக் குடியிருப்பானது. முள்ளும் தண்ணீரும் சேர்ந்தால் நல்ல காவல். காட்டுப்பூனையோ நரியோ உடும்போ எளிதில் நெருங்காது. சில்லறைக் குச்சிகளை அடுக்கிய தட்டையான கூடுகள், ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து. மேல் கிளையில் நாரை, இடையில் வக்காவும் கொக்கும், நீர்க்காகம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

இங்கேதான் நாள்கணக்கு நெருக்குகிறது. மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். கூடு கட்டும் நாள்களையும் சேர்த்தால் நூறு நாளாவது மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும், எட்டும் தூரத்தில் மீனும் இருக்க வேண்டும். கார்த்திகை மத்தியில் கூடு கட்டினால் மாசிவரை. அதே நாள்களில்தான் புழுதி விதைப்பாகப் போட்ட நெல் கதிர் கட்டித் தண்ணீர் கேட்கும். மடையைத் திறந்தால் நெல் பிழைக்கும், கூட்டுக்கடியில் தரை தெரியும். தண்ணீர் வற்றிய மரத்துக்கு நாய் வரும், பூனை வரும். பெற்றவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. நல்ல மழை ஆண்டில் இந்த மோதலே எழாது. மழை பொய்த்த ஆண்டில் நாரைகள் கூடு கட்டவே முனைவதில்லை. நெருக்கடி எல்லாம் இரண்டுக்கும் நடுவே அரைகுறையாகப் பெய்த ஆண்டுகளில்தான்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேசாமல் கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதியைப் பற்றி எழுத முடியாது. வரத்துக்கால்களை அடைத்து, உள்வாயை மூடி, கரையையும் துளைத்து வளர்ந்து நிற்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சோறும் போடுகிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது மாநிலம் முழுக்க எந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில் தடை உத்தரவும் வந்தது. பறவைகளின் கோணத்தில் என் கருத்து இது: உள்வாயின் ஆழமில்லாத பகுதியில் இதை விட்டுவைக்கக் கூடாது. உள்ளானுக்கு நாலாபக்கமும் திறந்த வெளி வேண்டும். புதர் மண்டிய இடத்தில் பருந்து வருவது தெரியாது, அதனால் இறங்காது. ஆனால் ஆழப் பகுதியில் கூடு தாங்கி நிற்கும் சீமைக் கருவேலத்தை, பக்கத்தில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து தோள் கொடுக்கும்வரை தொடக் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்குவது படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கமுதிப் பக்கம் வந்தவர்கள் இன்னொரு பரப்பையும் பார்த்திருப்பார்கள். 2016-ல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் அடைகிறது. நீர்ப்பூச்சிகள் அதை வைத்துத்தான் தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. சூரியத் தகடும் அதே வகை ஒளியைத் திருப்பி அனுப்புவதால், தண்ணீர் என்று எண்ணிப் பூச்சிகள் அதன்மேல் முட்டையிட வருவதை ஹங்கேரியில் நடந்த சோதனைகள் காட்டின. நீர்ப்பறவைகளும் இப்படி ஏமாறுமா என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்து வருகிறார்கள். மின் நிலையமும் ராம்சர் கண்மாயும் அக்கம்பக்கமாக இருக்கும் நம் ஊரில் அதே ஆய்வைச் செய்யச் சிறந்த இடம் காத்திருக்கிறது.

பறவைகளுக்குத் தொல்லை என்றதும் பலருக்கும் நினைவு வருவது ஐப்பசியில் வரும் தீபாவளி. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் ஊரில், பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் கண்மாய்ப் பறவைகளுக்கு ஒரு நாள் சத்தத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒப்பந்தக் காகிதங்களில் இருக்கிறது: தூர்வாருதல்.

தூர்வாருவதை யாரும் எதிர்க்க முடியாது. மண் மேடிட்ட கண்மாயில் தண்ணீர் நிற்காது; தண்ணீர் நிற்காவிட்டால் நெல்லும் இல்லை, நாரையும் இல்லை. எப்படித் தூர்வாருகிறோம் என்பதுதான் கேள்வி. மண்வெட்டியும் கூடையுமாக மராமத்துப் பார்த்த காலத்தில் சரிவு தானாகவே தங்கியது. பொக்லைன் இறங்கும்போது லாரி வந்து போக வசதியான ஓரிடத்தில் செங்குத்தாகத் தோண்டிக் குழியாக்கிவிடுகிறார்கள். தண்ணீரின் கொள்ளளவு காகிதத்தில் கூடும். ஆனால் ஐந்நூறு மீட்டரில் மெல்ல இறங்கிய ஆழம் இரண்டு மீட்டரில் இறங்கிவிட்டால், வாரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வற்றும்போது வெளியே வரும் சேறு ஒரு சாண்கூட இருக்காது. உள்ளானுக்கு இடமில்லை, நாரைக்குக் கால் எட்டாது. நீர்க்காகம் மட்டும் மிஞ்சும். ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. குளிக்கப் போன பிள்ளைகள் இப்படிப்பட்ட குழிகளில் மூழ்கும் செய்தி கோடைதோறும் வருகிறது. ஆழப்படுத்துவதை மடைக்குப் பக்கத்தில் செய்துவிட்டு, உள்வாய்ப் பக்கம் பழைய சரிவிலேயே மேல்மண்ணை மட்டும் வழித்தால் விவசாயிக்கு வண்டலும் கிடைக்கும், சேறும் தங்கும்.

தை கடைசியில் கண்மாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கும். அப்போது கிழக்கே கடற்கரைக்குப் போக வேண்டும். மண்டபம், பிள்ளைமடம் பகுதிகளில் 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் கரைப்பறவைகளை ஆராய்ந்து, வளையமிட்டு, விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஆழத்தை மாற்றுவது மழை இல்லை, அலையேற்றமும் காற்றும். இந்தக் கடலோரத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், தட்டையான காயலில் காற்று திசை மாறினாலே தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி இன்னொரு பக்கம் சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில் கண்மாயில் பார்த்த அதே கொசு உள்ளான் இருக்கும், கூடவே கண்மாய்ப் பக்கம் தலைகாட்டாத, கோட்டான் என்ற பெயருள்ள பெரிய கரைப்பறவைகளும். தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் பெரும் பூநாரைகளுக்கென்றே 524.7 ஹெக்டேரில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையின் ஓரத்திலிருந்தே பூநாரைகளைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிப் பைனாகுலரில் எல்லாம் நெளியும், சுற்றுலா வண்டிகளும் வந்துவிடும்.